மூன்றாம் கேள்வி

சனிக்கிழமை, சலீனாஸ்.
கிளினிக்கின் பின்னறையில் ஊசிப் பெட்டிகளுக்கு நடுவே
பதினொரு மடக்கு நாற்காலிகள்.
பஸ் காசு தருகிறார்கள், மதியம் பீட்சா.
பாதிப் பேர் முதலில் அதற்காகத்தான் வந்தோம்.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம்:
மனநலத் துறைக்கு ஏன் வர விரும்புகிறாய்?
'பிறருக்கு உதவப் பிடிக்கும்' என்று எழுதினேன்.
எல்லோரும் அதையேதான் எழுதியிருந்தோம்.
கட்டம் அவ்வளவு சிறியது.

அதில் அடங்காதது இது:
எனக்கு ஒன்பது வயது.
டாக்டருக்கு ஸ்பானிஷ் வரும்,
அம்மாவுக்கு மிஸ்டெக் மட்டும்.
இரண்டுக்கும் நடுவில் நான்,
கால் தரைக்கு எட்டாத நாற்காலியில்.
"செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா, கேள்."
கேட்டேன்: "அம்மா, களைப்பா இருக்கா?"
அம்மா தலையாட்டினாள்,
விரலிடுக்கில் லெட்யூஸ் பால் கறுத்திருந்தது.
"இல்லையாம்" என்றேன் டாக்டரிடம்.
அவர் ஒரு டிக் போட்டார்.
எவ்வளவு லேசான சத்தம் அது.

இன்றைக்கு ஒத்திகை.
எலெயுத்தேரியோ நோயாளி, நான் ஆலோசகர்.
அவன் கையில் ஓர் அட்டை:
பெயர் கிரெக், வயது நாற்பத்தாறு, வேலை போய்விட்டது, தூக்கமில்லை.
மீசை இன்னும் முடிவெடுக்காத முகத்தோடு
"என் வீட்டுக் கடன்..." என்று அவன் ஆரம்பித்ததும்
அறையே சிரித்தது. நானும்தான்.

முதல் கேள்வி கேட்டேன். இரண்டாவதும்.
மூன்றாவது என் தாளில் தடித்த எழுத்தில்:
நேராகக் கேள்.
வேறு சொல் போடாதே.

வேறு சொல்.

தடுப்பூசி ஃப்ரிட்ஜ் உறுமி ஓய்ந்தது.
"என்ன, மறந்துட்டியா?" என்றான் கிரெக்.
"இல்லை."
கேட்டேன். சொல்லுக்குச் சொல் கேட்டேன்.

அவன் அட்டையைப் பார்த்தான்.
எனக்கு அது தலைகீழாகத் தெரிந்தது,
ஆனாலும் படிக்க முடிந்தது:
மூன்றாம் கேள்விக்குப் பதில்: இல்லை.
"சில ராத்திரி" என்றான்.

மணி அடித்தது. மற்ற ஜோடிகள் இடம் மாறின.
நாங்கள் எழவில்லை.
அவன் பேசிய வரை என் தாளைப் பார்க்கவில்லை நான்.
பிறகு இருவருமாகப் போய்
அடுத்த அறைக் கதவைத் தட்டினோம்;
தனியாகச் சுமக்காதே என்பதும்
அந்தத் தாளில் எங்கோ இருந்தது.

சாயங்கால பஸ். இரண்டு பக்கமும் லெட்யூஸ் வரிசைகள்,
குனிந்த முதுகுகள், எது அம்மாவுடையது என்று தெரியாத தூரம்.
அதே கேள்வியை எங்கள் மொழியில்
வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.
தடங்கவில்லை.
ஒன்பது வயதிலும்
அந்தச் சொல் எனக்குத் தெரியும்.