மீதம்: ஒன்று

ரூவியில், மணிக்கூண்டு ரவுண்டானாவுக்குப் பின்சந்தில்
பல் டாக்டருக்கும் பணம் அனுப்பும் கடைக்கும் நடுவே
எங்கள் ரிப்பேர் கடை.
புயல் வந்துபோன வருஷம் அது.
சேறு குடித்த டிவிடி பிளேயர்களை
சுவரோரம் கூரைவரை அடுக்கியிருந்தோம்.

சேறு துடைப்பது எளிது.
ஆட்கள் தூக்கிவருவது பெரும்பாலும் வேறு நோய்:
வட்டு சுற்றும், பச்சை விளக்கு எரியும்,
திரையில் ஒரு பூகோள உருண்டை,
அதன் கீழே ஒற்றை வரி.
தவறான பிராந்தியம்.

படக்கம்பெனிக்காரர்கள் உலகத்தைப் பங்கு பிரித்து
எண் போட்டு வைத்திருக்கிறார்கள்.
அமெரிக்கா ஒன்று.
மஸ்கட் இரண்டு, லண்டனும் ஜப்பானும் அதே இரண்டு.
மணிலா மூன்று.
நாம் ஐந்து.
டீ கொண்டுவரும் முல்தான்காரர் ஷௌகத்தும் ஐந்து.
இரண்டு சர்க்கார் சேர்ந்து முடியாததை
ஒரு பிளாஸ்டிக் தட்டு முடித்துவிட்டதே என்பார்
கிளாஸை வைத்துவிட்டு.

ஏன் என்று கேட்காத ஆளில்லை.
எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன்.
அங்கே கொட்டகையில் ஓடுவதற்குள்
இங்கிருந்து வட்டு போய் இறங்கிவிடக் கூடாது.
இந்த ஊர் உரிமையைக் காசு போட்டு வாங்கியவன் வயிற்றில்
அந்த ஊர் வட்டு அடிக்கக் கூடாது.
அப்புறம் விலை.
சென்னையில் நூறு ரூபாய்க்குக் கிடைப்பதை
இங்கே ஆறு ரியாலுக்கு விற்க வேண்டுமென்றால்
நூறு ரூபாய் வட்டு இங்கே
ஊமையாக வேண்டும்.

வெல்டர் பிச்சாண்டி கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.
"எங்க சைட்லயும் அதான் தம்பி.
ஒரே குழாய், ஒரே பத்தவைப்பு.
பாஸ்போர்ட் கலரைப் பாத்துத்தான் சம்பளம்."
அவர் பிளேயரின் தட்டைத் திறந்து
ரிமோட்டில் நாலு எண் அழுத்தினேன்.
ஒளிந்திருந்த பட்டியல் எழுந்து வந்தது.
சுழியம் வைத்தேன்.
எல்லா நாடும் திறக்க ஒரு ரியால்.
முக்கால் அர்பாபுக்கு, கால் எனக்கு.

மடிக்கணினி வேறு ரகம்.
ஐந்து முறைதான் மாறும்.
ஐந்தாவதில் எங்கே நிற்கிறதோ
ஆயுசுக்கும் அதுதான் அதன் நாடு.
சில்லுக்குள் எழுதியது, என் ஸ்குரூடிரைவர் எட்டாது.

மார்த்தாண்டத்து ஜாஸ்லின் கொண்டுவந்தாள்,
டயாலிசிஸ் பிரிவில் இரவு நின்ற காலோடு.
அவள் போன வழியைத் திரை காட்டவில்லை,
அவளே சொன்னாள்:
ஊர் வட்டுக்கு ஐந்து,
இங்கே தள்ளுபடியில் வாங்கியதற்கு இரண்டு,
அறைத்தோழி மரிவிக் கொடுத்ததற்கு மூன்று,
திரும்ப ஐந்து.
திரை சொன்னது ஒன்றுதான். மீதம்: 1.

கையில் ஒரு இரண்டாம் எண் வட்டு,
கண்ணாடித்தாள் பிரிக்காமல்.
"மாத்தட்டுமா?"
"மாத்தினா பொறவு ஊர்ப் படம்?"
"ஓடாது."
"ஒருக்காலும்?"
"ஒருக்காலும்."

மார்ச்சில் ஒப்பந்தம் முடிகிறது.
ஆஸ்பத்திரி இன்னும் வாய் திறக்கவில்லை.
"அயர்லாந்துக்குப் பரீட்சை எழுதிருக்கேன். அது எத்தனை?"
"இரண்டு."
"ஒருத்தர் பொண்ணு கேட்டிருக்காரு. நைஜீரியாவுல இருக்காரு."
"அது ஐந்து."
சிரித்துவிட்டாள். எனக்கும் அடக்க முடியவில்லை.
"எட்டு யாருக்கு?" பட்டியலைப் பார்த்துக் கேட்டாள்.
"கப்பலுக்கும் விமானத்துக்கும்."
"அதுல யாரு குடியிருக்கா?"
"நாமதான். ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை,
நாலு மணிநேரம்."

அம்புக்குறி 'சரி'யின்மேல் நின்றது.
பக்கத்துக் கடையில் டோக்கன் எண்ணை
யாரோ மூன்று பாஷையில் கூப்பிட்டார்கள்.
"விடுங்க," என்றாள். "அது ஒண்ணு இருக்கட்டும்."

மடித்துப் பைக்குள் வைத்தாள்,
பிரிக்காத வட்டையும் வைத்தாள்.
எவ்வளவு என்று கேட்டாள்.
ஒன்றும் செய்யாததற்கு என்ன வாங்குவது?
ஷௌகத்தின் டீக்காசை
அன்றைக்கு அவள்தான் கொடுத்தாள்.