மஞ்சள் பை

வியாசர்பாடி சுகாதார நிலையம்.
இரவு இரண்டே காலுக்குப் பெண் குழந்தை,
இரண்டு கிலோ எண்ணூறு.
நஞ்சுக்கொடி முழுசாக வந்ததா என்று
டாக்டரம்மா புரட்டிப் பார்த்தார்.
பிறகு அது என் வேலை.

மஞ்சள் பை, இரட்டை முடிச்சு, எடை, தேதி.
ஊசிகள் வெள்ளை டப்பாவில்.
நேற்றே வரவேண்டிய வண்டி
கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீருக்கு அந்தப் பக்கம்.
நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதே
என்கிறது சுவரில் ஒட்டிய தாள்.
எலிக்கு வாசிக்கத் தெரியாது.
கதவடியில் பினாயில் ஊற்றினேன்.

"அக்கா, அத எங்க புதைப்பீங்க?"
பால் கொடுத்தபடியே கேட்டாள் சலோமி.
புதைக்கமாட்டாங்க, எரிப்பாங்க,
ஊருக்கு வெளிய.
"எந்த ஊருக்கு?"

கொடுங்கையூர் மேட்டில் பொறுக்கப் போன என் தம்பியின்
குதிகாலில் ஏறியது ஓர் ஊசி.
எந்த ஆஸ்பத்திரியுடையது, தெரியாது.
ஆறு மாதம், மூன்று சோதனை.
ஒன்றுமில்லை என்று தாள் வரும்வரை
தனித் தட்டில் சாப்பிட்டான்,
யாரும் சொல்லாமலே.

முடிச்சை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன்.
பதிவேட்டில் எழுதினேன்:
மஞ்சள், ஒன்று, ஐந்நூற்று அறுபது கிராம்.
எடுத்துச் சென்றவர் கையொப்பம் என்ற கட்டம்
காலியாக இருந்தது.

விடியுமுன் தெருமுனையில் ஹாரன்.
சாவியோடு ஓடினேன்.
பால் வண்டி.