ஈ ஆறு

சோலிங்கனில் கத்திக்குத்தான் பேர்.
கத்திக்கடைகளைத் தாண்டி, தொழிற்பள்ளிக்குப் பின்னால்
பேஸ்பால் மைதானம் ஒன்று இருப்பது
பேருந்து ஓட்டுநருக்கே தெரியாது.

மகள் இரண்டு பருவம் விளையாடினாள், விட்டுவிட்டாள்.
நான் விடவில்லை.
ஸ்கோர் எழுதும் கூண்டில் இது ஒன்பதாவது வருடம்:
இரண்டு பென்சில், ஒரு அழிறப்பர்,
மழை ஒழுகும் மூலையில் ஐஸ்கிரீம் டப்பா.

இன்று ஆள் வந்திருக்கிறார்.
அமெரிக்கக் கழகம் ஒன்றின் ஆள்.
வேகமானியைத் துப்பாக்கி மாதிரிப் பிடிக்கிறார்.
கழகத்துக்குக் கீழே படிப்படியாய்ச் சின்ன அணிகள்,
அந்தப் படிகளுக்கு அவர்கள் வைத்த பேர்
பண்ணை.
விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று
எங்கள் ஆட்கள் சொன்னதை
இவர் கிலோமீட்டரில் சொல்கிறார்.

முளையின் பேர் லேயாண்டர்.
வயது பதினேழு, வேகம் நூற்று நாற்பத்தொன்று.
ஒன்பது சுற்றுக்கு எத்தனை ஓட்டம் கொடுத்தான்
என்பதுதான் எறிபவனின் ஜாதகம்.
அதை எழுதுகிறவள் நான்.

ஆறாம் இடத்தில் நிற்கும் மெர்ஹாவியைப் பார்க்க
யாரும் வரவில்லை.
விடிய மூன்று மணிக்கு பேக்கரியில் மாவோடு தொடங்கியவன்,
முழங்கையில் இன்னும் ஒரு வெள்ளைக் கோடு.
அவனுடைய மட்டைச் சராசரியை
இங்கே சொல்லாமல் விடுகிறேன்.

ஆறாம் சுற்று. இரண்டு பேர் அவுட்.
இரண்டாம் தளத்தில் ஒருவன், மூன்றாம் தளத்தில் ஒருவன்.
பந்து தரையோடு வந்தது, மெர்ஹாவியை நோக்கி.
சரியாகத்தான் குனிந்தான்.
கடைசி முழத்தில் அது எழும்பி
அவன் தோளைத் தாண்டிப் போனது.
இரண்டு பேரும் வீடு சேர்ந்தார்கள்.

பிழையென்று எழுதினால் மெர்ஹாவியின் பிழை,
ஓட்டம் இரண்டும் லேயாண்டரின் தலையில் ஏறாது:
இரண்டு புள்ளி பூச்சியம் இரண்டு.
ஹிட் என்று எழுதினால்
இரண்டு புள்ளி மூன்று மூன்று.
நகத்தளவு கட்டம் அது.

கண்ணாடியை யாரோ சுரண்டினார்கள்.
லேயாண்டரின் தகப்பன்.
ஞாயிறுதோறும் என்னைக் காரில் கொண்டுபோய் விடுகிறவர்.
'பிழைதானே, ஃப்ராவ் பரஞ்சோதி?'
மரியாதையாகத்தான் கேட்டார்.

பிழைக்கு ஈ என்று போட்டு
இடத்தின் எண்ணைப் பக்கத்தில் எழுதவேண்டும்.
ஈ ஆறு.
என் மொழியில் ஈ என்றால் இலையான்.
ஈ என்றால் கொடு என்றும் இருக்கிறது.
யாருக்கு?

அப்போது மெர்ஹாவி மண்ணிலிருந்து எதையோ எடுத்தான்.
ஒருவருக்கும் காட்டவில்லை, கை விரிக்கவில்லை,
கோட்டுக்கு வெளியே வீசினான்.
கல்லா, காய்ந்த மண்கட்டியா,
என் கண்ணாடிக்கு இங்கிருந்து தெரியவில்லை.
பந்து எழும்பியது தெரிந்தது.

ஹிட் என்று எழுதினேன்.
பென்சில் முனை உடைந்தது, மற்றதை எடுத்து
மேலே ஒருமுறை அழுத்தி எழுதினேன்.

நிமிர்ந்து அந்த ஆளைத் தேடினேன்.
நாலாம் சுற்றிலேயே ரயிலுக்குப் போய்விட்டாராம்.
நாற்காலியில் அவர் குடித்துமுடிக்காத கோப்பி,
அதில் மழை.

ஆட்டம் முடிந்து லேயாண்டர் கூண்டுக்கு வந்தான்.
'எத்தனை பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினேன்?'
'எட்டு.'
'ஒன்பது என்று நினைத்தேன்.'
'எட்டு.'
தலையாட்டிவிட்டுப் போனான் பெடியன்,
தகப்பனின் கார் ஏற்கெனவே உறுமிக்கொண்டிருந்தது.

மின்கம்பிப் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் மெர்ஹாவி,
மடியில் கையுறை, வாய் திறந்த நித்திரை.
கம்பி ஒரு வளைவில் பொறி சிந்தியது,
அவன் அசையவில்லை.
அவன் எறிந்த ஒவ்வொரு பந்தும்
தவறவிட்ட ஒவ்வொன்றும்
தேதியோடு என்னிடம் இருக்கிறது.
எந்த நிறுத்தத்தில் இறங்குவான் என்பது
புத்தகத்தில் இல்லை.