அரைப்பேர்

லூப்ளினிலிருந்து கடிதம்.
போலந்து முத்திரையில் ஒரு கொக்கு.
மேல்கணக்கு ஆபீஸ், பொகவந்தலாவை என்று மட்டும் விலாசம்.
எப்படியோ வந்து சேர்ந்துவிட்டது.

மக்தலேனா யவோர்ஸ்கா கேட்கிறார்:
உங்கள் பகுதியில் இந்தக் குடும்பப் பெயரோடு
எத்தனை பேர் இருக்கிறார்கள்?

பெரிய கிளாக்கர் சிரித்தபடி என் மேசையில் போட்டார்.
"பேர் போடுறது நீதானே, நீயே எழுது."

பேர் போடுவது நான்தான்.
இங்கே பேர் என்றால் ஒரு நாள் கூலி.
பதினெட்டுக் கிலோ கொழுந்துக்கு முழுப்பேர்,
குறைந்தால் அரைப்பேர்.
மூன்று பிரட்டுக்கும் செக்ரோல் என் கையெழுத்து.

யவோர் ஒரு மரமாம்.
விரித்த கைபோல இலையாம்.
அந்த மரம் நின்ற ஊர்க்காரன் யவோர்ஸ்கி,
மனைவியும் மகளும் யவோர்ஸ்கா.
அங்கே பல்லாயிரம் பேர்,
ஒருவருக்கொருவர் சொந்தமில்லை.
மரம் எல்லா ஊரிலும் நின்றிருக்கிறது.

அவருடைய அப்பாவின் பெரியப்பா
யுத்தம் முடிந்தபோது
பிறந்த ஊர் வேறு தேசத்துக்குள் போய்விட,
கடதாசி ஏதுமில்லாமல் கப்பலேறி
ரோலர் பூட்ட இந்த மலைக்கு வந்தவர்.
கடைசிக் கடிதம் ஐம்பத்தொன்றில்.

கடதாசி இல்லாதவர்!
அந்த வருடங்களில் இந்த லயங்களில்
யாரிடம்தான் இருந்தது?

அலுமாரியின் அடித்தட்டில் ஸ்டாஃப் புத்தகம்.
கரையான் விட்டுவைத்த பக்கங்களில்
ஜவஸ்கி என்று ஒருவர்,
ஜே. வோர்ஸ்கி என்று ஒருவர்,
மிஸ்டர் ஜோ என்று ஒருவர்.
மூன்று கிளாக்கர்மார், சம்பளம் ஒரே ஆளுக்கு.
பிறகு "நின்றுவிட்டார்".
எங்கே நின்றார் என்பதற்குக் கட்டம் இல்லை.

பிறப்புப் பதிவைத் திறந்தபோதுதான்
எனக்குத் திக்கென்றது.
நாற்பத்தொன்பது தொடக்கம் ஐம்பத்திரண்டு வரை
ஐந்து சவரி.
அதில் ஒருவன் மாரியம்மன் கோயில் பூசாரியின் மகன்.

இன்றைக்கும் ஃபேக்டரியில்
மூன்றாம் நம்பர் ரோலருக்குப் பேர் சவரி ரோலர்.
அந்தோணியார் மாதிரி யாரோ புனிதர் என்று
நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்புள்ள அம்மா,
யவோர்ஸ்கி இங்கே ஒருவருமில்லை.

அடித்தேன். மறுபடி எழுதினேன்.

அன்புள்ள அம்மா,
எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது.
அப்பாவின் முதலெழுத்து, ஒரு புள்ளி, பிறகு நாங்கள்.
பிள்ளைகளுக்கு எங்கள் எழுத்து.
பாட்டன் அதில் இடம் பிடிக்கமாட்டார்.
உங்கள் மரத்தை எங்கள் வாய்
சவரி ஆக்கிவிட்டது, மன்னிக்கவும்.
ஐந்து சவரிகளில் இருவரைத்
தலைமன்னாரில் கப்பலேற்றி அனுப்பினார்கள்.
நீலகிரிப் பக்கம் யாருடைய முதலெழுத்தாகவோ இருக்கலாம்.
ஒருவர் மண்சரிவில்.
மற்ற இருவரின்

மழை இறங்கிவிட்டது.
சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு
தராசடியில் பெண்கள் கூடிவிட்டார்கள்.
கணக்கப்பிள்ளை கூவுகிறார், நான் எழுதவேண்டும்.
அட்டை கடித்த காலை உதறிக்கொண்டு
கடைசியில் வருகிறாள் ஒருத்தி.

ச. கனகராணி.
பதினொரு கிலோ.

அரைப்பேர்.