தொடக்கச் செலவு

அறுபத்தையாயிரம் வந்திருக்கிறது என்று
செவ்வாய்க்கிழமை பெரட்டுக் களத்தில் சொன்னேன்.
யாரும் கை தட்டவில்லை.
மழை இறங்கினால் கூடைக்கயிறு நனையும்,
நனைந்த கயிறு நெற்றியை அறுக்கும்,
அவரவர்க்கு அந்தக் கவலை.

பணம் நோய்க்கு அல்ல.
நோய்க்குப் பணம் சேர்க்கப்போகும் குழுவுக்கு.
குழு உட்கார நாற்காலி, எழுத மேசை,
குழு இருக்கிறது என்பதற்கு ஒரு முத்திரை.
பிரதேச செயலகத்தில் சமரகோன் நோனா
மூன்று மொழியிலும் பொறுமையாக விளக்கினார்:
தொடக்கச் செலவுக்கு மட்டும்.
நோயாளிக்கு ஒரு சதமும் இல்லை.
மூன்று மாதம் சந்தா சேரட்டும்,
அப்புறம் நோய் வரலாம்.

(கடைசி இரண்டு வரி அவர் சொல்லவில்லை.
பஸ்ஸில் திரும்பி வரும்போது
எனக்கு அப்படிக் கேட்டது.)

நான் பொருளாளர் திலகேஸ்வரி.
கீழ்ப்பிரிவு, ஆறாம் காம்பிரா.
சாதாரண தரத்தில் கணக்குக்கு சி எடுத்தவள் என்று
தலைவர் மெய்யப்பன் என்னை நிறுத்தி
கையில் ஒரு சாவியைத் தந்தார்.
அலமாரி பின்னால் வரும் என்றார்.

பெயர்ப்பலகை அட்டனிலிருந்து வந்தது.
எழுதிய பையனுக்கு இடம் பற்றாமல்
மேல் வரியில் 'காப்பு',
கீழ் வரியில் 'றுதிக் குழு'.
"காப்ப இங்க அடகு எடுப்பீங்களா?"
என்று கேட்டாள் பவளக்கொடி.
சிரித்தோம். சிரித்துவிட்டு
அவரவர் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டோம்.
என்னுடையது இரண்டு வருடமாக மஸ்கெலியாவில்,
மகனின் குடலிறக்கத்துக்குப் போனது.

வியாழக்கிழமை, ஒன்பதாம் நம்பர் மலையில்
குளவி.

பவளக்கொடிதான்.
கொட்டு முப்பதுக்கு மேல், எண்ண நேரமில்லை.
தோட்டத்து லொறி கொழுந்தோடு ஸ்டோருக்குப் போயிருந்தது.
வேன்காரன் அல்போன்சு ஆறாயிரம் கேட்டான், முன்கூட்டியே.
போன தடவை ஏமாந்தவன்,
அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

பிஸ்கட் டின்னைத் திறந்தேன்.
கணக்குப் புத்தகத்தையும் திறந்தேன்.
மேசை. முத்திரை. பற்றுச்சீட்டு.
கூட்டத்துக்கான போக்குவரத்து: இரண்டாயிரத்து ஐநூறு.

கூட்டத்துக்கான.

மெய்யப்பனைக் கூப்பிட்டேன்.
செயலாளர் யேசுராணியைக் கூடையோடு இழுத்தேன்.
ஐந்து பேர் இருந்தால் அது கூட்டம், சட்டப்படி.
ஐந்து பேர் ஏறினோம்,
அவளை எங்கள் மடிகளில் குறுக்கே கிடத்தி.
மீதிக் காசை அலமாரி கொடுத்தது.

கூட்டம் ஆரம்பம்: பத்து ஐம்பது, கோயிலடி வளைவு.
தலைமையுரை: "வெரசாப் போ தம்பி."
முதலாம் தீர்மானம், ஜன்னலைத் திறப்பது. ஏகமனதாக.
இரண்டாவது, அவள் புருஷனுக்கு யார் சொல்வது.
முடிவு எட்டப்படவில்லை.
நோர்வூட்டில் மாடு மறித்ததால்
நான்கு நிமிடம் ஒத்திவைக்கப்பட்டது.
யேசுராணியின் எழுத்து வளைவுக்கு வளைவு
பக்கத்தை விட்டு வெளியே போய்த் திரும்பி வந்தது.
முத்திரை என் பையில் இருந்தது, குத்தினேன்,
மை அவள் சட்டைக் கையிலும் பட்டது.
கூட்டம் நிறைவு: டிக்கோயா ஆஸ்பத்திரி வாசல்.
நன்றியுரை இல்லை.
அவள் நாக்கு வீங்கியிருந்தது.

மார்ச் மாதம் கணக்காய்வுக்கு வந்தவர்
அந்தப் பக்கத்தில் விரலை வைத்து வெகுநேரம் இருந்தார்.
வேனிலா கூடினீர்கள் என்று கேட்பார் என நினைத்தேன்.
கேட்கவில்லை.
ஐந்து பேர் கூட்டத்துக்கு ஆறு கையெழுத்து எப்படி என்றார்.
ஆறாவது பார்வையாளர் ஐயா,
பத்து நாள் கழித்து வந்து போட்டார் என்றேன்.

தேநீரைக் குடித்தார். பக்கத்தைப் புரட்டினார்.
"அலமாரி எங்கே?"

சாவியைக் காட்டினேன்.