கீழ்ப்பக்கம் ஒன்பது அங்குலம்

ஆயர் ஈத்தாம், அணைக்கு ஏறும் வழியில்
மேடம் கோர் வீடு.
சாலையிலிருந்து கார் நிற்கும் இடம் வரை
பதினெட்டடிக்கு ஒன்றரையடி ஏற்றம்.
போதாததற்கு இடமிருந்து வலமாகவும் ஒரு சரிவு,
போனில் யாரும் சொல்லாதது.

பழைய இரும்பு கேட் துருவேறி விழுந்தபின்
அவருக்கு மரத்தில்தான் வேண்டுமாம்.
செங்கால் மரம்.
பெயரிலேயே கால் இருக்கிறது, சிவப்பும் இருக்கிறது என்றேன்.
குணாளன் சிரிக்கவில்லை.
தோளில் சுமந்தவன் அவன்,
கம்பம் ஒன்று அறுபது கிலோ.

குழி மூன்றடி.
பாதிக்குமேல் மண்ணே இல்லை,
யாரோ எப்போதோ கொட்டிய ஓட்டுச் சில்லு,
நடுவில் ஒரு பீங்கான் கரண்டி, முழுசாக.
மேடம் கோர் அதைக் குழாயடியில் கழுவி
உள்ளே எடுத்துப் போனார்.

மலையிலிருந்து மழை இறங்கும் சத்தம்.
சிமெண்டு குழைத்தாகிவிட்டது.
ரசமட்டம் லோரியில், பலகைகளுக்கு அடியில்.
பக்கத்து வீட்டுச் சுவர் இருக்கிறதே,
அதைப் பார்த்து நிறுத்திவிடலாம் என்று
நான்தான் சொன்னேன்.
நான்தான்.

மறுநாள் காலை
குமிழி நடுவில் இல்லை.
சுவர் முப்பது வருசமாக
யாருக்கும் தெரியாமல் பள்ளத்துப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்திருக்கிறது.
எங்கள் கம்பம்
ஒரே ராத்திரியில் கற்றுக்கொண்டது.

உச்சியில் ஒன்றேகால் அங்குலம்.
அதற்கு ஒரு பகல், இரண்டு ஆள்,
உடைக்கும் மெஷினுக்கு வாடகை நூற்றிருபது வெள்ளி.
சிமெண்டுத் தூளில் புருவம் நரைத்த குணாளன்
பகல் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை.
மேடம் கோர் இரண்டு கிளாஸ் கொப்பி ஓ கொண்டுவந்து
சரிவில் வைக்க இடம் தேடி
கடைசியில் ஆளுக்கொன்றாய்க் கையில் கொடுத்தார்.

இந்தத் தடவை நூலும் குண்டும்.
காற்று அடங்கட்டும் என்று நின்றோம்.
நூலுக்கு மலை தெரியாது, சுவர் தெரியாது,
கீழே என்றால் எது என்பது மட்டும் தெரியும்.
"அக்கா, மட்டமும் ஒருதடவை வச்சுப் பாத்துருங்க."
அவன் வாய் திறந்தது அப்போதுதான்.

நிமிர்ந்து நின்றது.
சாலையிலிருந்து பார்த்தால் குடித்தவன் மாதிரி நின்றது.
"செங்ஙெட் லா," என்றார் மேடம் கோர்.
ரசமட்டத்தை அவர் கையிலேயே கொடுத்தேன்.
குமிழியைப் பார்த்தார்.
வீட்டைப் பார்த்தார்.
பிறகு தன் காலைப் பார்த்தார்.
பள்ளத்துப் பக்கக் காலுக்கடியில்
இன்னொரு செருப்பையும் சேர்த்து வைத்து ஏறி நின்று
மறுபடி பார்த்தார்.
"ஓ."

உள்ளே திறந்தால் ஏற்றம் பிடிக்கும்,
வெளியே திறந்தால் மாநகர் மன்றம் பிடிக்கும்.
ஆகவே ஏறு கீல்:
தள்ளத் தள்ளக் கதவு மேலேறும்,
கையை விட்டால் தன் கனத்தில் இறங்கி
தானே சாத்திக்கொள்ளும்.
நாலு தடவை திறந்து விட்டுப் பார்த்தார்.
ஐந்தாவது தடவை எதற்கென்று எனக்குத் தெரியவில்லை.

மிச்சம் அந்தச் சந்து.
மேட்டுப் பக்கம் இரண்டு அங்குலம்,
பள்ளத்துப் பக்கம் ஒன்பது.
நாய் போய்விடும், அடைத்துக் கொடு என்றார்.
சரிவுக்கேற்ப முக்கோணமாய் ஒரு பலகை அறுத்தேன்.
ஆணி எடுக்கையில் மழை.

தண்ணீர் வளைந்து வந்து
அந்த ஒன்பது அங்குலத்தைக் கண்டுபிடித்தது.
மாவிலை, ரம்புத்தான் தோல், ஒரு பூப்பந்து இறகு,
கார் கழுவிய பழைய நுரை,
எல்லாம் குனியாமலே கடந்தன.
அவற்றின் பின்னால் நாயும் போனது.
சாலையில் நின்று உடம்பை உதறிவிட்டு
போன வழியே திரும்பி வந்தது.

குடைக்குள்ளிருந்து மேடம் கோர்
பலகை வேண்டாம் என்று கையசைத்தார்.
அறுத்த கூலியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.
நான் சேர்க்கவில்லை, அந்த நூற்றிருபதையும்.

பலகை இப்போது லோரியில் இருக்கிறது.
மேட்டில் வண்டியை நிறுத்தும்போதெல்லாம்
குணாளன் இறங்கி
பின்சக்கரத்துக்கு அண்டை கொடுக்கிறான்.
அளவெடுத்துச் செய்தது போல்
பொருந்துகிறது.