கீற மாதிரி கீது

சிப்காட்டுக்குப் போகிற கம்பெனி வண்டி.
ஏழாம் வரிசை, மடியில் ஸ்பானிஷ் நோட்டு.
வீட்டுப்பாடம் ஐந்து வாக்கியம்:
பிறர் முகத்தில் என்ன தெரிகிறது?

'பரேஸே' என்று தொடங்க வேண்டும்.
தோன்றுகிறது என்று பொருள்.
பரேஸே கன்சாதா, களைத்தவளாகத் தோன்றுகிறாள்.
இதை தில்ஷாத்துக்கு எழுதினேன்.
மேல்விஷாரத்தில் ஏறியதிலிருந்து
ஜன்னலில் நெற்றி இடிக்க இடிக்கக் கண் மூடியிருக்கிறாள்.
பரேஸே எனஃபதாதா, கோபமாக.
இது பூங்காவனத்துக்கு.
பாலாற்றுப் பாலம் தாண்டியும் வாய் திறக்கவில்லை,
தாடையை அப்படி இறுக்கிக்கொண்டு.

அந்த மொழியில் 'இருக்கு'வுக்கு இரண்டு சொல்.
எஸ் என்றால் சுபாவம்.
எஸ்தா என்றால் இன்றைக்கு, இப்போதைக்கு.
டீச்சர் இதை மூன்று முறை விளக்கினாள்.
எங்களுக்கும் இரண்டு உண்டு என்று சொல்ல நினைத்தேன்:
ஆபீஸ் ரூமில் இருக்கு,
வண்டியில் கீது.

பசியைக்கூட அவர்கள் வைத்திருக்கிறார்கள்,
பை வைத்திருப்பதுபோல.
நமக்குப் பசி எடுக்கிறது.
எதை எடுக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

வியாழக்கிழமை ஸ்பெயின்காரர் வந்தார்.
ஷூவின் முனையைக் கட்டைவிரலால் அழுத்தினார்.
தோலில் சுருக்கம் விழுந்து, மெல்ல மறைந்தது.
தலையாட்டினார்.
பிறகு தையல் வரிசையை நிமிர்ந்து பார்த்து
என்னிடம் மட்டும் கேட்பதுபோலக் கேட்டார்:
எஸ்தான் கொந்தேந்தாஸ்?

அறுபத்து நான்கு மெஷின். ஒரு தலையும் உயரவில்லை.
மேனேஜர் என் பக்கம் சாய்ந்தார்,
"என்னம்மா கேக்கறாரு?"
"சந்தோஷமா இருக்காங்களான்னு சார்."
மேனேஜர் சிரித்தார். சிரித்தபடியே என்னைப் பார்த்தார்.

பரேஸென், என்றேன்.
ஒரே ஒரு சொல்.
தோன்றுகிறார்கள்.
இலக்கணத்தில் பிழையில்லை.
அவர் ஃபைலில் ஒரு டிக் போட்டார்.
அந்தக் கட்டத்தில் டிக்குக்கு மட்டும்தான் இடம் இருந்தது.

சாயங்காலம் வண்டியில் பூங்காவனம்
என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.
"அந்தாளு எங்களக் காட்டி இன்னாமோ கேட்டானே?"
"சந்தோஷமா கீறீங்களான்னு."
"நீ இன்னா சொன்னே?"
"கீற மாதிரி கீதுன்னேன்."

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.
உடனே கன்னத்தைப் பொத்திக்கொண்டாள்.
"சிரிக்க வெக்காதடி. கடவாப்பல்லு, மூணு நாளா உயிரு போவுது.
லீவு போட்டா போனசு பூடும்."

நோட்டை எடுத்து எனஃபதாதாவை அடித்தேன்.
லே துவேலே, என்று எழுதினேன்.
அவளுக்கு வலிக்கிறது.
நம்மைப் போலவே 'அவளுக்கு' என்றுதான் தொடங்குகிறார்கள்.
இந்த ஒரு வாக்கியத்துக்கு
பரேஸே வேண்டியிருக்கவில்லை.

மேல்விஷாரம் வந்தது.
தூங்குகிறவளைத் தொட்டு எழுப்பினேன்.
"தூங்கலக்கா," என்றாள் தில்ஷாத்,
டிபன் பையைத் தேடி எடுத்தபடி,
"காலைலேர்ந்தே தூங்கல.
சும்மா கண்ண மூடிக்கினு கீறேன்."